கரடிக்குச் சொன்ன சேதிகள்

பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டம்
8 ஜனவரி 2025

மஸ்கட் மாநகரத்தில் ஊசியும் கையுமாக நடமாடி நோய்களை நடுங்கவைக்கும் என் அருமை மருமகள் நந்தனாவுக்கு,

தேன்மலைக் காவலன், கரடிகளின் கெட்ட சொப்பனம், உன் ஒரே தாய்மாமன் தாணுலிங்கம் எழுதுவது. இங்கே மழை ஓய்ந்துவிட்டது. ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு வெறுங்குச்சியாக நிற்கின்றன. நான், உன் அப்பா, தேனீப் பெட்டிகள், எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று எழுது. இல்லை என்று எழுதினால் அரபிக்கடலை நீந்தியே வந்துவிடுவேன், கடலுக்குத்தான் கஷ்டம்.

மாமாவின் போன் கெட்டுப்போயிற்றோ என்று நினைப்பாய். போனுக்கு ஒரு கேடும் இல்லை. போன மாதம் உன் அப்பா என்னை நம் அய்யா கோயிலான நிழல்தாங்கலுக்குக் கூட்டிப் போனார். தலைப்பாகை கட்டி, நாமம் இட்டு, பழம் மாதிரி நின்றேன். பக்கத்தில் நின்ற அத்தான், "எலே தாணு, இனி அவகிட்ட போன்ல பேசமாட்டேன்னு அய்யா முன்ன சத்தியம் பண்ணு" என்றார். தப்ப வழி இல்லை. பண்ணினேன். ஆனால் நந்தனா மக்களே, அத்தான் போன் என்றுதான் சொன்னார். தாள், பேனா, தபால்தலை என்று ஒரு சொல் சொல்லவில்லை. சட்டம் தெரியாத மனுஷன். திரும்பி வரும் வழியிலேயே குலசேகரத்தில் இறங்கி உறை வாங்கிவிட்டேன்.

உன் வழக்கு அவர் மனசில் இன்னும் நடக்கிறது. வாதியும் அவரே, நீதிபதியும் அவரே. வாய்தா கேட்பது மட்டும் நான். கரடிக்குப் பயந்து பெட்டிகளைச் சுற்றிக் கம்பி கட்டி, பம்பு செட்டிலிருந்து அதில் கரண்டு விட்டவர் அவர். ரப்பர் பால்வெட்டப் போன ராகேல் அதில் கைபட்டுத் தூக்கி எறியப்பட்டாள். உயிர் பிழைத்தது அவள் பிதாவின் கிருபை. கழற்றுங்கள் அப்பா என்று நீ கெஞ்சினாய். கழற்றியாச்சு என்று சொல்லிவிட்டு அன்று சாயந்திரமே மறுபடியும் கட்டினார். இதெல்லாம் கோப்பில் காணவில்லை. நீ வனத்துறைக்குச் சொன்னதும், அவர்கள் ஜீப்பில் ஏற்றிப்போய், அவர் வருஷா வருஷம் தேன் கொண்டுபோய்க் கொடுத்த அதே ஆபீசில் ஒரு பகல் முழுக்க அவரைத் தரையில் உட்கார வைத்ததும் மட்டும் கெட்டி மையில் எழுதியிருக்கிறது. ரெண்டு வருஷமாக அந்த ஒரு பக்கத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி கரடிச் சேதி. போன வெள்ளிக்கிழமை ஒன்று வந்தது. யானைக்கு மூத்தது. அது கொட்டாவி விட்டால் பேச்சிப்பாறை அணையில் அலை எழும்பும். நாலு பெட்டியை உடைத்து, அடையைத் தின்று, மரச்சட்டங்களைப் பல்குத்தும் குச்சி மாதிரி துப்பிவிட்டுப் போயிற்று. அத்தான் கம்பி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். முட்டுவலியோடு தீப்பந்தம் கொளுத்திக் காவல் இருக்கிறார்.

மனுஷக் குரல் கேட்டால் கரடி அண்டாது என்கிறார்கள். ரேடியோ இந்த மலையில் எடுக்காது. எனவே கருங்கல் ஊரில் பைக்கில் மீன் விற்கும் டெனிஷிடம் அவன் ஒலிபெருக்கி ஹாரனைக் கேட்டு வாங்கி வந்தேன். "வாளை, சூரை, நெத்திலி, ஐஸ் இடாத மீனேய்" என்று அவன் குரல் ஒரு மெமரி கார்டில் இருக்கிறது. அந்தியில் போட்டேன். அடிவாரத்துப் பெண்கள் அத்தனைபேரும் சட்டியோடு மலையேறி வந்துவிட்டார்கள். மீன் இல்லை என்றதும் அவர்கள் சொன்ன சொற்களைப் பதிவு செய்திருந்தால் கரடி வம்சமே காசிக்குப் போயிருக்கும். கரடி மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே வந்தது. சூரை அதற்கும் இஷ்டம்போல.

அப்போதுதான் எனக்கு ஞானம் உதித்தது. வேண்டியது விற்கிற குரல் இல்லை, அதட்டுகிற குரல். நம் வம்சத்தில் உன்னைப்போல் அதட்டத் தெரிந்தவர் யார்? ஒரு கார்டில் நன்றாகத் திட்டி அனுப்பு. யாரைத் திட்டுவது என்பது உன் சௌகரியம். கரடிக்காகத்தான் கேட்கிறேன். வேறு உள்நோக்கம் இல்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

இப்படிக்கு,
வாளேந்தாத வீரன்,
உன் மாமா தாணுலிங்கம்


மஸ்கட்
25 ஜனவரி 2025

அன்புள்ள தாணு மாமாவுக்கு,

நந்தனா எழுதுவது. சுகமாக இருக்கிறேன். நீங்கள் நீந்த வேண்டாம்.

கடிதத்தை டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன். சட்டியோடு பெண்கள் மலையேறிய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி என்ன என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு மீன் மட்டும்தான் புரிந்தது.

ஆனால் மாமா, உங்கள் கடிதத்தில் கரடிக்கு ஒரு பக்கம், மீனுக்கு ஒரு பக்கம். முட்டுவலி என்று அப்பாவுக்கு ஒரே ஒரு சொல். எந்த முட்டு? வீக்கம் உண்டா? நடக்கும்போதா, உட்கார்ந்து எழும்பும்போதா? இங்கே யார் யாருக்கோ காலைப் பிடித்து நீவிவிடுகிறேன். அவர்கள் வலியெல்லாம் எனக்கு விவரமாகத் தெரியும்.

அப்பா என்னைப் பற்றிக் கேட்டாரா என்று கேட்கமாட்டேன். கேட்டிருந்தால் அதை நீங்கள் ஒரு புராணமாகவே எழுதியிருப்பீர்கள்.

திட்டுவது எளிது என்று நினைத்து உட்கார்ந்தேன். கரடியை நினைத்துத் திட்டினால் சிரிப்பு வந்தது. அப்பாவை நினைத்ததும் பதிவை நிறுத்திவிட்டேன். கடைசியில் உங்களை நினைத்தேன். மடை திறந்துவிட்டது. நர்சிங் இன்டர்வியூ அன்று என்னைச் சென்னைக்குப் பதிலாக மங்களூர் ரயிலில் ஏற்றிவிட்டது, என் புதுச் சைக்கிளை எடுத்துப்போய் ஆட்டுக்குட்டியோடு குளத்தில் இறக்கியது, அம்மாவின் நாற்பதாம் நாளில் பந்திக்கு நடுவில் இருந்துகொண்டு பேய்க்கதை சொன்னது, எல்லாம் வந்துவிட்டது. ரெண்டு வருஷமாக யாரையும் சத்தம் போட்டுத் திட்டவில்லை மாமா. இங்கே எல்லோரிடமும் மெதுவாகத்தான் பேசவேண்டும். திட்டி முடித்தபோது பசித்தது.

கார்டை உபைத் கையில் கொடுத்துவிடுகிறேன். தேங்காப்பட்டணத்துக்காரன், எங்கள் மருந்தகத்தில் வேலை. கல்யாணத்துக்கு வருகிறான், பெருநாள் கழிந்துதான் திரும்புவான். பால்பவுடர் டின்னுக்குள் தேடுங்கள்.

ஒரு பயம் உண்டு. என் குரல் என்று தெரிந்தால் அப்பா ஹாரனை உடைப்பாரோ? உடைத்தால் டெனிஷுக்கு வேறு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். உடைத்தார் என்று மட்டும் எனக்கு எழுதவேண்டாம்.

என்றும் உங்கள்,
நந்தனா


ரப்பர் தோட்டம்
12 பிப்ரவரி 2025

கரடிகுல காலகண்டி, என் மருமகள் நந்தனாவுக்கு,

திட்டு வாங்கியதில் திக்கெட்டும் புகழ் பரவிய மாமா எழுதுவது. உன் கார்டு வந்தது. பால்பவுடரும் வந்தது. அதில் நானும் உபைதும் வழியிலேயே ஒரு டம்ளர் கலக்கிக் குடித்துவிட்டோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

முதல் நாள் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அந்திக்கருக்கல். அத்தான் பெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், எறும்பு ஏறாமல் இருக்க. நான் மரத்தில் கட்டிய ஹாரனை முடுக்கினேன். "மாமா, நீங்க ஒரு மனுஷனா?" என்று மலை முழுக்க ஒரு முழக்கம். கிளைகளில் மிச்சம் இருந்த இலையெல்லாம் உதிர்ந்தது. அத்தான் கையிலிருந்த செம்பு சரிந்து தண்ணீர் அவர் காலிலேயே ஊற்றியது. அவர் நிமிரவில்லை.

செம்பு காலியான பிறகு கேட்டார்: "அது யாரு?"

"கருங்கல் சந்தையில விக்கிற கார்டு அத்தான். கரடிக்குன்னே உள்ளது."

"ம்."

நீ சைக்கிள் கதைக்கு வந்தாய். ஆட்டுக்குட்டியும் வந்தது. அவர் அடுத்த சிரட்டைக்குப் போனார். அதில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. அதிலும் ஊற்றினார்.

"சத்தம் கொறச்சி வையி. தேன் ஈச்சிக்கு ஆகாது."

குறைத்தேன்.

"அவ்வளவு கொறைக்காண்டாம்."

ஹாரன் உடையவில்லை மக்களே. அதை மட்டும் முதலில் எழுதியிருக்கவேண்டும். மன்னித்துவிடு.

கரடியின் நிலைமை சொல்லத் தரமன்று. முதல் நாளே மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டிவிட்டது. கேரளத்துக் காட்டில் அகதிகளுக்கு முகாம் போட்டிருக்கிறார்களாம். சிறுத்தை ஒன்று இடமாற்றம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறது. பெட்டிகளில் ஒன்றும் போகவில்லை. ரப்பர் தளிர் விட்டாயிற்று, இலைக்காம்பில் தேன் சொட்டுகிறது, ஈச்சிகள் வேலைக்குப் போகிற வேகம் பார்த்தால் மார்த்தாண்டம் ஜங்ஷன் தோற்கும்.

பகலில்தான் வேறு எதிரிகள். பஞ்சுருட்டான் குருவிகள் கம்பத்தில் வரிசையாக உட்கார்ந்து, பறக்கிற ஈச்சியை நோகாமல் கொத்துகின்றன. கடந்தைக் குளவிகள் பெட்டி வாசலிலேயே வந்து நிற்கின்றன. அத்தான் கொசு அடிக்கிற பேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடிக்கிறார். ஒலிம்பிக்கில் கடந்தை அடிக்கும் போட்டி இருந்தால் நம் வீட்டில் தங்கம் தொங்கும். நேற்று உச்சிவெயிலில் பேட்டோடு நின்றவர், "அந்தக் கார்ட பகல்லயும் போடலாமே, கடந்தைக்கும் ஒரு பயம் இரிக்கும்" என்றார். கடந்தைக்குக் காது கேட்குமா என்று எனக்குத் தெரியாது. போட்டேன்.

கட்டிலையும் குடிசையிலிருந்து ஹாரன் கட்டிய மரத்தடிக்கு மாற்றிவிட்டார். ஹாரனை யாராவது திருடிவிடுவார்களாம். இந்த மலையில் திருட்டு எண்ணம் உள்ள ஒரே ஆள் நான்தான்.

இடது முட்டு. எழும்பும்போதுதான். வீக்கம் லேசாக. இதில் மிகை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
உன்னால் மலை முழுக்க மானம் இழந்த
மாமா தாணுலிங்கம்


மஸ்கட்
28 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதங்களை எப்போதும் முக்கால் பாகம் தள்ளிவிட்டுத்தான் படிப்பேன். அகதி முகாமைத் தள்ளிவிட்டேன். சிறுத்தையைத் தள்ளினேன். ஆனால் "அவ்வளவு கொறைக்காண்டாம்" என்பதைத் தள்ள முடியவில்லை. அது அப்பாவேதான். உங்களால் அவ்வளவு சின்னதாக ஒன்றை இட்டுக்கட்ட முடியாது.

அதைப் படித்த பிறகு வார்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. போனேன். ஒரு வயதான ஓமானி, இடது காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். நான் அவரிடம் தமிழில், "பைய எழும்புங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார்.

இத்துடன் இன்னொரு கார்டு இருக்கிறது. வாழ்த்து அட்டையின் மடிப்புக்குள் ஒட்டியிருக்கிறேன், கிழித்துவிடாதீர்கள். இதில் திட்டு இல்லை. கரடியிடம்தான் பேசியிருக்கிறேன். சாயந்திரம் பால்கனியில் உட்கார்ந்து, அது எதிரில் இருக்கிறதுபோல நினைத்துக்கொண்டு பேசினேன். கரடியே, சாப்பிட்டியா என்று கேட்டேன். இடது முட்டுக்கு எண்ணெய் காய்ச்சி இடணும், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கணும், பனியில் தரையோடு உட்காரக்கூடாது என்று சொன்னேன். இங்கே ஈச்ச மரம் பூத்திருக்கிறது, அதில் தேனீ வருகிறது, நம்முடையதைவிடப் பொடிசு, பெட்டியில் அடங்காதாம், ஒரே ஒரு அடைதான் கட்டுமாம் என்று சொன்னேன். சோற்றுக்குத் துவையல் அரைக்க இங்கே நல்ல தேங்காய் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். கரடிக்கு இதெல்லாம் எதற்கு என்று தெரியவில்லை. சொல்லிக்கொண்டே போய்விட்டேன்.

இதைப் பகலில் மட்டும் போடுங்கள் மாமா. அந்திக்குப் பழைய கார்டே இருக்கட்டும். இவ்வளவு மெதுவாகப் பேசினால் கரடி பயப்படாது.

உங்கள்,
நந்தனா


ரப்பர் தோட்டம்
18 மார்ச் 2025

மக்களே நந்தனா,

தேன்மலைக் காவலன் என்ற பட்டத்தை இன்றோடு துறக்கிறேன். காரணம் கீழே.

நீ சொன்னபடி புதுக் கார்டைப் பகலில்தான் போட்டேன். அத்தான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். சட்டத்தைக் கையில் எடுத்தவர் எடுத்தபடியே நின்றார். ஈச்சிகள் அவர் கைமேல் ஏறி, முழங்கை வரை போய், வந்த காரியம் மறந்து திரும்பின. ஈச்ச மரம் வந்தபோது மட்டும் என்னைப் பார்த்து, "ஈச்சம்பூவுல தேன் காணாது. வெறும் பூம்பொடிதான் இரிக்கும்" என்றார். நான் ஆமாம் என்றேன். எனக்கு ஈச்ச மரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

அந்திக்கு நான் கார்டை மாற்றப் போனேன். "கெடக்கட்டு" என்றார்.

"கரடி வரும் அத்தான்."

"வந்தா வரட்டு."

வந்தது. நீ துவையலுக்குத் தேங்காய் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். நான் இதுவரை எழுதியதைவிடச் சின்னது. ஒரு பெரிய நாய் அளவு இருக்கும், ஒரு காது கிழிந்தது. மேட்டுப் பக்கத்தில் ரெண்டு பெட்டியை உருட்டிவிட்டது. நான் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன். "அத்தான், அந்தத் திட்டைப் போடுங்க" என்று கத்தினேன். அவர் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. "ரெண்டு பெட்டிதானலே. அவ சொல்லி முடிக்கட்டு" என்றார்.

ஒரு பெட்டிக்காகக் கரண்டு இழுத்த மனுஷன் மக்களே. நான் தகரத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றேன். கரடிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதுவாகப் போய்விட்டது.

கார்டு முடிந்து கரகரவென்று சத்தம் வந்தது. அப்போது அவர் ஹாரனைப் பார்த்து, என்னைப் பார்த்து அல்ல, "எண்ண இட்டாச்சி. ஒத்தடமும் குடுத்தாச்சி" என்றார். நான் சருகு பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். எண்ணெய் காய்ச்சியது நான். இந்தப் புகழில் ஒரு பங்கு எனக்கு வேண்டும்.

மறுநாள் ஒரு வேலை செய்தோம். ரெண்டு ரெண்டு மரத்துக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேலே முறுக்குக் கம்பி இழுத்து, கப்பி போட்டு, பெட்டிகளைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டாயிற்று. கரண்டு இல்லாத கம்பி. கரடி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம். மரமேறியது நான்தான். மேலே இருந்து பார்த்தால் இலங்கை தெரிந்தது, நேரமின்மையால் இறங்கிவிட்டேன்.

வேலை முடிந்தபோது கேட்டேன்: "இனி கரடிக்குக் குரல் வேண்டாமே அத்தான். டெனிஷுக்கு ஹாரனத் திருப்பிக் குடுத்திரட்டா?"

டெனிஷ் வாயால் கூவித்தான் மீன் விற்கிறான், பாவம். அந்திக்கு அத்தானே போய்ப் பொத்தானை அமுக்கினார். நீ, "கரடியே, சாப்பிட்டியா" என்றாய்.

மாமா தாணுலிங்கம்


மஸ்கட்
1 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை நேற்றுப் படித்தேன். இன்று காலையும் படித்தேன். பதில் எழுதாமல் இன்னொரு கார்டு பேசி அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. அது எளிது. கரடியோடு நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருப்பேன் என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மே மாதம் லீவு கிடைத்திருக்கிறது. டிக்கெட் எடுக்கவில்லை. மார்த்தாண்டத்தில் ரெஜிஷா தன் வீட்டுக்கு வரச் சொல்கிறாள், அவளும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். ஆனால் ஊருக்கு வந்துவிட்டு, அப்பா மலையில் இருக்க, நான் மார்த்தாண்டத்தில் யார் வீட்டிலோ சாப்பிட்டுக்கொண்டு இருப்பேனா? அதற்கு இங்கேயே இருக்கலாம்.

அப்பாவிடம் நேராகக் கேளுங்கள் மாமா. கரடி பெயரைச் சொல்லாமல் கேளுங்கள். நந்தனா வரலாமா என்று என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவரைத் தரையில் உட்கார வைத்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படிச் செய்வார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் அவர் காலில் விழுவேன். ஆனால் வனத்துறைக்குச் சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லமாட்டேன். ராகேல் அக்கா விழுந்து கிடந்தபோது முதலில் ஓடிப்போனது நான். அக்காவின் விரலெல்லாம் விறைத்துப்போய், பால்வாளி கவிழ்ந்து, மண்ணெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு நிமிஷம் நாடி கிடைக்கவில்லை. அந்தக் கம்பியை அப்பா மறுபடியும் கட்டினார். தப்பு என்று நான் சொன்னால்தான் வீட்டுக்குள் வரலாம் என்பார் என்றால், நான் வரவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

இதில் எதையும் கூட்டவேண்டாம் மாமா. குறைக்கவும் வேண்டாம்.

நந்தனா


ரப்பர் தோட்டம்
16 ஏப்ரல் 2025

நந்தனா,

கேட்டுவிட்டேன்.

உச்சிநேரம். அத்தான் காலிச் சட்டங்களில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார். நான் உன் கடிதத்தை எடுத்து, எழுத்தைத் தாண்டாமல் வாசித்தேன். இடையில் ஒரு கதையும் சொல்லவில்லை. நீ நாடி கிடைக்கவில்லை என்று எழுதிய இடத்தில் சுரண்டிய கத்தி நின்றது. முடித்த பிறகு மறுபடியும் சுரண்டினார். சுத்தமான சட்டத்தையே சுரண்டினார். பிறகு எழும்பிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் சோறு வைத்தால் தின்றார். ஹாரனையும் தொடவில்லை. மலை இவ்வளவு சத்தமில்லாமல் இருந்து நான் கேட்டதில்லை மக்களே. என்ன வேலை செய்துவிட்டோம் என்று நான் உன்மேலும் என்மேலும் மாறி மாறிக் கோபப்பட்டேன்.

முந்தாநாள் காலையில் கேட்டார்: "தேங்காப்பட்டணத்துப் பயல் எப்பம் திரும்பப் போறான்?"

நான் உபைதின் பெயரை அவரிடம் எப்போதுமே சொன்னதில்லை. பால்பவுடர் டின்னையும் மறைத்துத்தான் வைத்திருந்தேன். எல்லாம் முன்னாலேயே தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். இத்தனை காலமும் இந்தக் குடும்பத்தில் திருட்டு வேலைக்கு ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

"இந்த வாரம் போறான் அத்தான்."

"இந்த ஹாரன் பெட்டியில நம்ம பேசினா ஏறுமா?"

ஏறும் என்று பொத்தானைக் காட்டினேன். நேற்று விடியும் நேரத்தில் என்னைத் தட்டி எழுப்பி, "நீ போயி வெள்ளம் கோரிட்டு வா" என்றார். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை குடத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கார்டைப் பிளாஸ்டிக் தாளில் மடித்து, நூல் சுற்றி, தயாராக வைத்திருந்தார்.

"என்ன அத்தான் பேசினிய?"

"கரடிக்குச் சொன்னேன்" என்றார்.

அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கார்டைத்தான் உபைத் கையில் கொடுத்துவிடுகிறேன். நல்லதாக இருந்தாலும் எழுது, இல்லாவிட்டாலும் எழுது. வேண்டாம் என்று சொல்லியிருந்தாரானால் அதையும் உள்ளபடி எழுது, நான் தாங்கிக்கொள்வேன். இன்றைக்கு எனக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்ல வரவில்லை.

மாமா


மஸ்கட்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கார்டு வந்தது. உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் பொத்தானை அமுக்குகிற சத்தம். அப்பா இருமுகிறார். பிறகு ஒன்றும் இல்லை, தேனீச் சத்தம் மட்டும். கெட்டுப்போன கார்டோ என்று நினைத்தேன். காதோடு வைத்தால், கப்பி கிறீச்சிட ஒரு பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார், ஏற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார். என்னை மறந்துவிட்டு வேலை பார்க்கிறார் என்று தோன்றியது. எனக்கு அதுவே போதும்போல இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.

பிறகு சருகில் நடந்து வருகிற சத்தம். ராகேல் அக்கா குரல். தளிர் முற்றி, பால்வெட்டு மறுபடியும் தொடங்கிவிட்டதுபோல. அப்பாவிடம் கேட்கிறாள்: "ஞானம் அண்ணே, காப்பி குடிச்சியளா?"

"குடிச்சாச்சி. சுத்திப் போகாண்டாம். இங்கோடியே போ. பெட்டியெல்லாம் மேலயாக்கும்."

"ஈச்சி கொத்தாதுல்லா?"

"கொத்தாது. ஒண்ணும் செய்யாது. போ."

வாளி ஆடுகிற சத்தம் பக்கத்தில் வந்து, தாண்டிப் போகிறது. அது மெல்லக் கேட்காமல் ஆகிறது. அப்புறம் அப்பா ஹாரனுக்குப் பக்கத்தில் வந்திருக்கவேண்டும், குரல் பெரிதாகக் கேட்டது.

"ராகேலாக்கும். நேரே நடந்து போறா."

அவ்வளவுதான் மாமா. கம்பி கட்டியிருந்த வழி அது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் இந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அதற்குப் பிறகும் தேனீச் சத்தம்தான், நிறுத்தத் தெரியாமல் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். கார்டு முடியப் போகிற நேரத்தில், வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொல்கிறார்:

"மழைக்கு முன்ன பெட்டியெல்லாம் எறக்கணும். தாணுவுக்கு வாய்தான் உண்டும், கை கெடையாது. ஆள் வேணும்."

டிக்கெட் எடுத்துவிட்டேன். மே பதினேழாம் தேதி காலையில் திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். பஸ் பிடித்து நானே வந்துகொள்கிறேன், நீங்கள் ஊர்வலம் எதுவும் ஏற்பாடு செய்யவேண்டாம்.

அப்பாவிடம் நான் வருகிறேன் என்று சொல்லவேண்டாம். பெட்டி இறக்க ஆள் கிடைத்தாயிற்று என்று மட்டும் சொல்லுங்கள்.

நந்தனா